எழுத்தில்லாத எழுத்து: சென்னை ஓவிய இயக்கத்தைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் அருங்காட்சியகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கணவன் மனைவி. படம் முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து, நடுநடுவே கட்டங்கள், மீன் மாதிரி ஏதோ ஒன்று, ஒரு முக்கோணம். "மலையாளத்துல எழுதியிருக்கு போல. உனக்குத்தான் தெரியுமே, படிச்சுச் சொல்லு" என்றார் கணவர். அந்த அம்மா கிட்டப் போய் நன்றாகப் பார்த்துவிட்டு, "இது மலையாளமே இல்லைங்க. மலையாளம் மாதிரி இருக்கு, ஆனா ஒரு எழுத்துகூட எழுத்து இல்லை" என்றார்.

அந்த ஓவியத்தைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால், படிக்க முடியவில்லை என்றதும் தங்களுக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு இருவரும் அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார்கள். நிற்க வேண்டிய இடத்தில் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் முகத்தில் இருந்த கூச்சம் எனக்குப் பழக்கமானது. கல்லூரி நாட்களில் நகரத்தில் ஒரு கண்காட்சிக்குப் போனபோது, "இதெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் புரியும் தம்பி" என்று அங்கிருந்த ஒருவர் சொல்ல, நானும் அப்படித்தான் வெளியே வந்தேன். திரும்பவும் ஓர் ஓவியக்கூடத்துக்குள் கால் வைக்க எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. அந்த ஆறு வருடம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1940களின் நடுவில் முளைவிட்டு, 1960களில் வேகம் பிடித்து, அடுத்த இருபது வருடங்களுக்கும் மேலாகச் சென்னையை மையமாக வைத்து இயங்கிய ஓவியர்களையும் சிற்பிகளையும் சேர்த்துச் சென்னை ஓவிய இயக்கம் என்கிறார்கள். மெட்ராஸ் இயக்கம் என்றும் சொல்வதுண்டு. தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் இதில் உண்டு. பெரும்பாலானவர்கள் இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று அழைக்கப்படும் சென்னை ஓவியப் பள்ளி வழியாக வந்தவர்கள். இவர்கள் படங்களில் உருவம் முழுசாகவும் இருக்காது, முழுசாகக் காணாமலும் போகாது. ஒரு மாடு இருக்கும். அதன் உடம்பு பாதியிலேயே கட்டமாகவும் சுழியாகவும் மாறிவிடும். ஒரு ராஜா இருப்பார். கிட்டப் போனால் ராஜா மறைந்து வெறும் கோடுகள் மட்டும் இருக்கும்.

இப்படி உருவமும் அரூபமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகிடக்கும் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது? நான் கண்ட வழி ஒன்றுதான். கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். "இது என்ன?" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "இந்தக் கோடு எங்கே கிளம்பி எங்கே போகுது?" என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாப் படிகளும் அந்த ஒரு பழக்கத்துக்காகத்தான்.

படி 1: ஜாதக நோட்டைத் தலைகீழாக வையுங்கள்

ஓவியக்கூடத்துக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பல வீடுகளில் பீரோவுக்குள் மஞ்சள் தடவிய ஜாதக நோட்டு ஒன்று இருக்கும். உங்கள் வீட்டில் இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ராசிக் கட்டம் உள்ள பக்கத்தைத் திறந்து, தலைகீழாகத் திருப்பி மேசைமேல் வையுங்கள். இப்போது எழுத்தைப் படிக்க வராது. ஓரமாகப் பன்னிரண்டு கட்டங்கள், நடுவில் பெரிய கட்டம். ஒரு கட்டத்தில் மூன்று சொற்கள் நெருக்கிக்கொண்டு கிடக்கும், இன்னொன்று காலியாக இருக்கும். கனம் எந்தப் பக்கம் கூடியிருக்கிறது, எந்த மூலை காற்றோட்டமாக இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு தாளில் அந்த அடுக்கை மட்டும் பென்சிலால் வரையுங்கள். எழுத்துக்குப் பதில் கிறுக்கல் போதும்.

இதைச் செய்து முடித்தால், 1963இல் பணிக்கர் போன பாதையில் நீங்களும் நாலடி நடந்துவிட்டீர்கள். ஒரு மாணவரின் நோட்டுப் பக்கம், அதிலிருந்த எண்கள், எழுத்துகள், வடிவக் கோடுகள், பத்திகள் எல்லாம் சேர்ந்து தன்னை வேறு பக்கம் திருப்பிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். படிப்பதற்காக எழுதிய பக்கம், படிக்காமல் பார்த்தபோது ஓவியமாகத் தெரிந்திருக்கிறது. அங்கிருந்து பிறந்ததுதான் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை. நான் மேலே சொன்ன ஓவியம் அந்த வரிசையைச் சேர்ந்தது. ஜாதகக் கட்டம், ஓலைச்சுவடி, மந்திரத் தகடு எல்லாவற்றின் சாயலும் அதில் தெரியும். எதையும் படிக்க முடியாது. படிக்க முடியாமல் இருப்பதுதான் அதன் வேலை.

ஜாதகம் பார்த்தாயிற்றா, அப்புறம் வாசலுக்கு வாருங்கள். சிக்குக் கோலம் போடுவதை ஒருமுறை முழுதாக நின்று பாருங்கள். கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகும், நாலைந்து இடத்தில் தன்னையே தாண்டிக் குறுக்கே போகும், கடைசியில் கிளம்பிய இடத்துக்கே வந்து மூடிக்கொள்ளும். அதில் எந்தப் பொருளின் உருவமும் கிடையாது. மறுநாள் வெள்ளிக்கிழமை என்றால் அதே வாசலில் அதே கை தாமரை போடும். முந்தின நாள் அரூபம், மறுநாள் உருவம் என்று அந்தப் பெண் பிரித்துப் பார்ப்பதில்லை. கையும் மாவும் ஒன்றுதான். இந்த இயக்கத்து ஓவியர்கள் பலர் அந்தக் கையைத்தான் கான்வாஸுக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள்.

படி 2: உழைப்பாளர் சிலையைச் சுற்றி வாருங்கள்

இவர்கள் எதைவிட்டு விலகினார்கள் என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு டிக்கெட் வேண்டாம், மெரினாவுக்குப் போனால் போதும். வெயில் ஏறும் முன் காலையில் போங்கள்.

உழைப்பாளர் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்திலிருந்து வந்து 1929இல் ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்றவர். ஏறத்தாழ முப்பது வருடம் அங்கே இருந்தார். சிலை மெரினாவுக்கு வந்தது 1959இல். நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் உடம்பு முழுசாக இருக்கிறது. முதுகில் தசை திரள்கிறது, கெண்டைக்கால் இறுகுகிறது, வெண்கலத்தில் மூச்சு வாங்குவதுகூடத் தெரிகிறது. நான் மிகவும் மதிக்கும் சிலை அது. ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்து, அதன் பின்பக்கம் முன்பக்கத்துக்குச் சமமாகப் பேசுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோழமண்டலத்தில் இது உங்களுக்குத் தேவைப்படும்.

படி 3: எழும்பூர் வெண்கலக் கூடம்

அடுத்தது பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைத் தவிர்த்துவிடுங்கள். முதல் தடவை போகிறவர்கள் எல்லாக் கட்டடங்களையும் பார்க்க ஆசைப்பட்டு, வெண்கலக் கூடத்துக்கு வரும்போது களைத்துப் போயிருப்பார்கள். நீங்கள் நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள்.

அங்கே திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் இருக்கிறார்கள். பக்தியோடு பார்ப்பவர்கள் அப்படியே பார்க்கட்டும், நானும் கும்பிட்டுவிட்டுத்தான் பார்ப்பேன். கும்பிட்ட பிறகு தொடையைப் பாருங்கள். துணி எங்கே இருக்கிறது? மடிப்பாகத் தொங்கவில்லை, காற்றில் பறக்கவில்லை. உடம்பின் மேல் ஓடும் மெல்லிய கோடுகள்தான் துணி. இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பது தோலா பட்டா என்று சிற்பி சொல்லவில்லை. கோடு இருக்கிறது, அதனால் துணி இருக்கிறது, அவ்வளவுதான். ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே நம் ஊர்ச் சிற்பி உருவத்துக்குள் அரூபத்தை இவ்வளவு சாதாரணமாகக் கலந்திருக்கிறார்.

அர்த்தநாரியிடம் இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு உடம்புகளை ஒட்டவைத்த தையல் எங்கேயும் தெரியாது. ஒரு பக்கம் இடுப்பு நேராக இறங்குகிறது, மறுபக்கம் வளைந்து இறங்குகிறது. விளிம்புக் கோடு ஒன்றே இரண்டு ஆளையும் சொல்லிவிடுகிறது. நான் முதலில் அந்த விளிம்பை விரலால் காற்றில் வரைந்து பார்த்தபோது, காவலர் ஒருவர் என்னைத் தொட வேண்டாம் என்று எச்சரித்தார். கொஞ்சம் தள்ளி நின்று வரையுங்கள்.

படி 4: கொஞ்சம் கதை, தேவையான அளவுக்கு

வருடங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்த இயக்கம் எப்படி உருவானது என்று தெரிந்தால், படங்களில் ஏன் அந்தப் பிடிவாதம் இருக்கிறது என்று விளங்கும்.

ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர். கைத்தொழில் கற்றுத்தருவதுதான் அதன் முதல் நோக்கம். அந்தக் கைத்தொழில் வாசனை பள்ளியைவிட்டுக் கடைசிவரை போகவில்லை, போகாததே நல்லதாயிற்று. பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பப் பாரத்தால் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் அங்கே மாணவராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே ஆசிரியர் ஆனார். 1944இல் 'முற்போக்கு ஓவியர்கள் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பம்பாயில் அதே மாதிரி பெயரில் பெரிதாகப் பேசப்பட்ட குழு வந்தது 1947இல்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. தெற்கில் நடந்தது வடக்கின் எதிரொலி என்று நினைப்பவர்கள் இன்னும் இருப்பதால் சொல்கிறேன்.

1957இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு பணிக்கர் முதல்வரானார். அடுத்த பத்து வருடம்தான் இந்த இயக்கத்தின் சூடான காலம். ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வந்திருந்த அவருக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நாம் வரைவதில் நம்முடையது எது? அஜந்தாவைத் திரும்ப வரைவதும் பதில் இல்லை, பாரிஸைத் திரும்ப வரைவதும் பதில் இல்லை. இந்தக் கேள்வியை அவர் மாணவர்களிடம் விட்டுவிட்டார். ஆளுக்கொரு பதிலோடு வந்தார்கள்.

இதிலே என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஓவியர்களைப் பற்றிப் பேசும்போது 'மண்ணின் மணம்', 'வேர்' என்றே பேசி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பணிக்கரின் 1950களின் கூட்டக் காட்சிகளைப் பார்த்தால் ஐரோப்பிய ஓவியர் வான்கோவை அவர் எவ்வளவு நேசித்தார் என்று தெரியும். 'சொற்களும் குறியீடுகளும்' பார்த்தால் எனக்கு இன்னொரு ஐரோப்பிய ஓவியரான பால் க்ளேயின் ஞாபகம் வரும். அதை மறைக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வாங்கியதை அவர்கள் நம் வீட்டு அடுப்பில் வைத்துச் சமைத்தார்கள். அதுதான் ருசி.

பிழைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. படித்து முடித்த திறமைசாலிகள் வேறு வேலைக்குப் போய் ஓவியத்தையே விட்டுவிடுவதைப் பணிக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் பாடிக் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றும்) துணி, தோல் பொருள், உலோக வேலை என்று கைத்தொழில்களைச் செய்ய வைத்தார். விற்ற பணத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் பிறந்தது அப்படித்தான். பகலில் பாடிக், மீதி நேரத்தில் ஓவியம். வேறு சிலர் நெசவாளர் சேவை மையத்தில் துணி வடிவமைப்பாளர்களாக வேலை பார்த்தார்கள். ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் அங்கே இருந்தவர்கள்தான். இவர்கள் கோட்டுக்கு இருக்கும் அந்த உறுதியில் சேலைக் கரைக்கும் பங்குண்டு என்பது என் நம்பிக்கை.

படி 5: சோழமண்டலத்தில் ஒரு அரைநாள்

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கம். சாலையிலேயே நுழைவாயில் தெரியும். வார நாளில் போனால் கூட்டமிருக்காது. கிளம்பும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், சின்ன நோட்டு, பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். படம் எடுத்தால் வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்று கண் சோம்பேறியாகிவிடும்.

முதலில் வெளியே, மரநிழலில் இருக்கும் சிற்பங்களைப் பாருங்கள். உழைப்பாளர் சிலையைச் சுற்றி வந்தீர்களே, அதே மாதிரி இங்கேயும் சுற்றி வாருங்கள். பல சிற்பங்களில் பின்பக்கம் உங்களோடு பேசாது. முன்பக்கத்தில்தான் எல்லாமே இருக்கும். ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் அது குறையில்லை. பி.வி. ஜானகிராமின் செப்புத் தகட்டு வேலை எங்கேயாவது பார்க்கக் கிடைத்தால் இது நன்றாக விளங்கும். தகட்டை அடித்து, வளைத்து, அதன்மேல் மெல்லிய உலோகக் கம்பிகளைக் கோடாக ஓடவிட்டுப் பற்றவைத்திருப்பார். கண்ணும் மூக்கும் நகையும் எல்லாமே கம்பிதான். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தை நினைத்துப் பாருங்கள். கவசத்துக்குப் பின்பக்கம் உண்டா? எதிரில் நின்று தரிசிக்கச் செய்தது அது. ஜானகிராமும், பிறகு பணிக்கரின் மகன் நந்தகோபாலும், எதிரில் நின்று பார்க்கும் சிற்பத்தைத்தான் செய்தார்கள். சுற்றி வர வேண்டிய கலையைக் கோட்டால் ஒரு முகமாகத் திருப்பி நிறுத்தினார்கள்.

பிறகு உள்ளே போங்கள். இயக்கத்துக்கான இந்த அருங்காட்சியகம் 2009இல் திறந்தது. இப்போது நான் சொல்லும் விதி கொஞ்சம் கண்டிப்பானது: முதல் சுற்றில் எந்தப் பெயர்ப் பலகையையும் படிக்காதீர்கள். யார் வரைந்தது, எந்த வருடம், தலைப்பு என்ன, எதுவும் வேண்டாம். இருபது நிமிடத்தில் ஒரு சுற்று முடியுங்கள். எந்தப் படம் உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது சுற்றில் அந்த மூன்றுக்கு மட்டும் போங்கள்.

படி 6: ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். மற்ற எல்லாம் விட்டுப்போனாலும் பரவாயில்லை.

முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டால் விவரங்கள் மங்கி, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். கனம் எங்கே என்று பாருங்கள். ஜாதகப் பக்கத்தில் செய்த அதே பயிற்சிதான்.

அடுத்து, கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு வாருங்கள். தொடக் கூடாது. ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடருங்கள். ஆதிமூலத்தின் மகாராஜா வரிசை மைக்கோட்டுப் படம் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். தலைப்பாகையிலிருந்து தொடங்கலாம். பேனாக் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்து நெருக்கமாக ஓடும், அவற்றின் குறுக்கே இன்னொரு அடுக்கு, அதன்மேல் மற்றொன்று. அடுக்கு கூடக்கூட இருட்டு கூடும். கன்னத்துக்கு வந்ததும் கோடுகள் திடீரென்று நின்றுவிடும், வெறும் காகிதம் கன்னமாகிவிடும். மீசையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். மார்புக்கு வந்தால் பதக்கமா, கிழிந்த துணியா, வெடித்த சுவரா என்று தெரியாதபடி கோடுகள் தம்பாட்டுக்கு ஓடும். ராஜா கம்பீரமாக இருக்கிறாரா, உதிர்ந்துகொண்டிருக்கிறாரா? எனக்கு இரண்டும் தெரிகிறது. கைக்கெட்டும் தூரத்தில் அரூபம், பத்தடி தள்ளினால் மகாராஜா. இந்த இரண்டு தூரத்துக்கும் நடுவில் முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை நடந்து பாருங்கள். உருவம் எந்த அடியில் கலைகிறது என்று காலாலேயே கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவதாக, நோட்டை எடுத்து ஒரே ஒரு கோட்டை வரையுங்கள். படத்தை நகலெடுக்க வேண்டாம், உங்களுக்குப் பிடித்த கோடு ஒன்று போதும். வரையத் தெரியாது என்று சொல்லாதீர்கள், கையெழுத்துப் போடத் தெரிந்த கை இதையும் போடும். கண் கவனிக்காமல் விட்டதைக் கை கவனித்துவிடும். கோடு எந்த இடத்தில் அழுத்தமாகிறது, எந்த இடத்தில் ஓவியர் பேனாவை எடுத்திருக்கிறார் என்பது வரையும்போதுதான் பிடிபடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பெயர்ப் பலகையைப் படியுங்கள்.

படி 7: ஒரே ஒரு ஓவியரோடு கொஞ்ச காலம் இருங்கள்

எல்லாரையும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்ளப் பார்த்தால் பெயர்கள்தான் மிஞ்சும். உங்கள் சுபாவத்துக்கு ஏற்ற ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உருவத்திலிருந்து மெதுவாக அரூபத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்கு கே.எம். ஆதிமூலத்தைச் சொல்வேன். 1938இல் திருச்சி மாவட்டம் கீராம்பூரில் பிறந்தவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியை மட்டும் நூறு அளவில் கோட்டோவியங்களாக வரைந்தார். சிறு வயதுக் காந்தி முதல் கடைசி நாட்கள் வரை, ஒரே மையும் காகிதமும்தான். பிறகு மகாராஜாக்கள் வந்தார்கள். பிற்காலத்தில் உருவத்தை முழுக்க விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்துக்குப் போனார். அந்தப் பெரிய வண்ணப் படங்களில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. ஆனால் மழை பெய்து ஓய்ந்த ஒரு மேட்டுக்காட்டில் நிற்பது மாதிரி இருக்கும். ஒரே ஆளின் வாழ்க்கையில் இந்த இயக்கத்தின் முழுப் பாதையும் கிடக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் அவர் ஏராளமாக வரைந்தார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் எழுதிய கரிசல் தொடருக்குப் படம் போட்டவரும் அவர்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவர் கோட்டைப் பெயர் தெரியாமலேயே பார்த்துப் பழகியிருப்பார்கள்.

கனவும் பயமும் பிடிக்கும் என்றால் கே. ராமானுஜம். 1940இல் பிறந்து, சோழமண்டலத்திலேயே வாழ்ந்து, 1973இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். கோபுரம், அரண்மனை, சிறகு முளைத்த மிருகம், பாம்பு, எல்லாவற்றுக்கும் நடுவில் தொப்பி போட்ட ஒரு மனிதர். அந்தத் தொப்பிக்காரர் அவரேதான். ஒரு அங்குலம்கூடக் காலி விடாமல் நுணுக்கமாக நெய்திருப்பார். அவர் படங்களைப் பார்க்கும்போது அவருடைய துயரத்தை மட்டுமே தேடாதீர்கள். அவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டி எழுப்பிய கையின் சந்தோஷமும் அதில் இருக்கிறது.

ஆர்.பி. பாஸ்கரனின் பூனைகளும் தம்பதிகளும் குழந்தைகளுக்குக்கூட உடனே பிடித்துவிடும். அவர்களையும் அழைத்துப் போங்கள். திருவண்ணாமலைக்காரரான ஏ.பி. சந்தானராஜின் கோட்டில் ஒரு முரட்டுத்தனமான ஓட்டம் உண்டு. எல். முனுசாமியின் மனிதர்கள் வண்ணத்துக்குள் கரைந்துகொண்டே இருப்பார்கள். ஜே. சுல்தான் அலியின் காளைகளைச் சுற்றிப் பழங்குடிக் கதைகளும் ஒருவகை எழுத்தும் ஓடும். ரெட்டப்ப நாயுடு தெய்வங்களை நாட்டுப்புறப் பொம்மையின் துணிச்சலோடு வரைந்தவர். கே.வி. ஹரிதாசனின் 'பிரம்ம சூத்திரம்' வரிசையில் உருவம் ஏறக்குறைய முழுதாகவே போய், யந்திரத் தகட்டின் வடிவம் மட்டும் நிற்கும். கர்நாடகத்திலிருந்து வந்த எஸ்.ஜி. வாசுதேவ் ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் அதிலேயே இருந்தார்.

பெண்களின் பெயர்கள் இந்தப் பட்டியலில் எப்போதும் கடைசியில்தான் வருகின்றன, அது எனக்கு வருத்தம். பொன்னானி அருகிலிருந்து வந்து இங்கே படித்த டி.கே. பத்மினி 1969இல் தன் இருபத்தொன்பதாவது வயதில் இறந்துபோனார். அவர் வரைந்த பெண்கள் இருட்டான பச்சைக்குள் நின்றுகொண்டு நேராக நம்மைப் பார்ப்பார்கள். ஓவியர் அர்னவாஸும் 1988இல், நாற்பத்து மூன்று வயதில், போய்விட்டார். சிற்பி அனிலா ஜேக்கப்பையும் தேடிப் பாருங்கள். கிடைப்பது குறைவுதான். கிடைத்தால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தில் இரண்டு பங்கு இவர்களுக்குக் கொடுங்கள்.

படி 8: திரும்பி வந்த பிறகு

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே நோட்டில் நாலு வரி எழுதிவிடுங்கள். 'நன்றாக இருந்தது' என்று எழுதினால் பயனில்லை. 'மூலையில் ஒரு சிவப்பு இருந்தது, மற்ற எல்லாம் அதைச் சுற்றிப் படுத்திருந்தன' என்கிற மாதிரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே படத்தை மறுபடி போய்ப் பாருங்கள். நாலு வரியில் ஒன்றாவது தப்பாக இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் இருந்திருக்கிறது. அந்தத் தப்பு எங்கே என்று தேடும்போதுதான் படம் நெருங்கி வருகிறது.

சென்னையில் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. அங்கே நடக்கும் கண்காட்சிகளுக்குப் போய்வந்தால், இன்றைய ஓவியர்கள் இந்தக் கோட்டை எங்கே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று தெரியும். பெரும்பாலும் ஓவியரே அங்கு உட்கார்ந்திருப்பார். அவரிடம் "இதுக்கு என்ன அர்த்தம் சார்?" என்று கேட்டால் சங்கடப்படுவார். "எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார். டீயும் வாங்கிக் கொடுப்பார்.

வாங்க வேண்டும் என்று ஆசை வந்தால், பெரிய பெயர்களின் எண்ணெய் வண்ண ஓவியத்தில் தொடங்காதீர்கள். இறந்துபோன ஓவியர்களின் பெயரில் போலிகளும் உலவுகின்றன, யாரிடமிருந்து எப்படி வந்தது என்ற கணக்கு இல்லாத படத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது. இளம் ஓவியர் ஒருவரின் கோட்டோவியமோ அச்சோவியமோ கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும். தினமும் பார்க்கிற சுவரில் மாட்டுங்கள்.

பணிக்கர் மட்டும் உங்களைவிட்டுப் போகவில்லை என்றால், ஒரு ராத்திரி ரயிலேறித் திருவனந்தபுரம் போய்வாருங்கள். அங்குள்ள அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே ஒரு கூடம் இருக்கிறது. அவர் கேரள அரசுக்குக் கொடுத்த ஓவியங்கள் அங்கே தொங்குகின்றன. இளம் வயதில் வரைந்த தண்ணீரும் தென்னையும், நடுவயதில் கூட்டம் கூட்டமாக மெலிந்த மனிதர்கள், கடைசியில் அந்தப் படிக்க முடியாத எழுத்து. ஒரே கூரைக்குக் கீழே ஓர் ஆள் உருவத்தை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைத்தார் என்று நடந்துகொண்டே பார்க்கலாம். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று விடுமுறை.